கட்டை வைத்துப் பார்த்த பிரேக்

அவள் கிளம்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணியாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. குப்பை வண்டி வரும் நாள் என்பதால் வாசலுக்கு வாசல் பக்கெட்டுகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்றைக்கூட உரசாமல், காரையும் அதன் வாலில் மாட்டியிருந்த கேம்பர் டிரெய்லரையும் ஒரே வளைவில் வெளியே எடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, வாயில் நுரையோடு நின்று பார்த்தார்.

அவள் கணவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் கண்ணாடியை இறக்கி, கேஸை மூடிவிட்டதாகவும், முட்டிவலி மருந்துச் சீட்டு பீரோவின் மேல் இருப்பதாகவும் சொன்னாள். அவர் "ம்" என்றார். முப்பத்தொரு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்கள் சொல்லிக்கொண்டு பிரிந்தது அவ்வளவுதான்.

தெருக்கோடியில் ஒரு வேகத்தடை. அதைத் தாண்டியதும் இடதுபக்கம் திரும்ப வேண்டும். வண்டி அங்கே வேகம் குறைத்தது. டிரெய்லரின் பின்னால் புத்தம் புது எல்.இ.டி. விளக்குகள் பளிச்சென்று சிவந்தன. முந்தின நாள் மாலை அவர் கையால் மாட்டியவை. பிறகு இடது இண்டிகேட்டர் போட்டாள். அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். இண்டிகேட்டர் ஒவ்வொருமுறை கண் சிமிட்டும்போதும் பிரேக் விளக்கும் கூடவே மங்கிப் போய், மறுபடி எழுந்து, மறுபடி மங்கியது. வேகத்தடையில் பின்சக்கரம் ஏறி இறங்கிய குலுக்கலில் ஒரு நொடி சுத்தமாக அணைந்தேவிட்டது.

எர்த் ஒயர் இரும்பில் சரியாகப் பிடிக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நொடிகூட ஆகவில்லை. கைதட்டிக் கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம். முட்டி வலித்தாலும் ஓடியிருக்கலாம். சட்டைப் பையில் போன் இருந்தது.

அவர் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

*

ஊரில் அவருக்கு 'நாளைக்கு அண்ணன்' என்று பெயர். டாக்ஸிக்காரர்கள் வைத்த பெயர் அது. கார் எலெக்ட்ரிக்கல் வேலையில் அந்தப் பக்கத்திலேயே அவருக்கு நிகர் ஆள் கிடையாது, ஆனால் எந்த வண்டியைக் கொண்டுபோய் விட்டாலும் முதலில் வருகிற பதில் "நாளைக்குப் பார்க்கலாம்." சோம்பேறித்தனம் இல்லை. ஒரு விளக்கு மாட்ட வேண்டுமென்றால் முதலில் பழைய ஒயரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்ப்பார். எர்த் ஒயரை வண்டியின் இரும்போடு சேர்க்கும் இடத்தில் ஒரு சின்னக் கத்தியை எடுத்துப் பெயிண்டைச் சுரண்டுவார். இரும்பு வெள்ளிக்காசுபோல் மின்னும்வரை சுரண்டுவார். அதன் மேல் கிரீஸ் தடவி, பிறகுதான் ஸ்க்ரூ. கரண்ட் போவதற்கு ஒரு வழி இருந்தால் போதாது, திரும்பி வருவதற்கும் நல்ல வழி இருக்க வேண்டும் என்பார். 'ஹார்ன்' என்று பெயரெடுத்த ஒரு டாக்ஸிக்காரர், அண்ணன் சுரண்டி முடிப்பதற்குள் வண்டி பாதி இளைத்துவிடும் என்று டீ குடிக்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒர்க்‌ஷாப்பின் முன்பாதி அவர் மனைவியுடையது. அவள் சீட் கவரும் வண்டி மூடும் தார்ப்பாயும் தைப்பாள். கெட்டித் துணியை வெட்டும் அந்தப் பெரிய கத்தரிக்கோலை அவள் கையில் பார்த்தால் பாக்கி வைத்தவன்கூட மரியாதையாகப் பேசுவான். கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் 'தையலம்மா'.

வண்டி விளக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். முப்பது வருடமாக உள்ளே உட்கார்ந்தது அவள்தான். தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்து, நூல் ஒட்டிய சேலையோடு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறிக்கொள்வாள். அவர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். "பிரேக்." "இடது." "வலது." கடைசியில் எப்போதும் ஒரே வார்த்தை: "ரெண்டும்." பிரேக்கையும் இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட வேண்டும். இரண்டின் கரண்டும் ஒரே எர்த் வழியாகத் திரும்ப வேண்டும்; அது சரியாகப் பிடிக்காவிட்டால் அங்கேதான் வண்டி காட்டிக்கொடுக்கும். சில நாள் அவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் போட்டுவிட்டு, போதாக்குறைக்கு ஹார்னையும் ஒரு அழுத்து அழுத்துவாள். அவர் துள்ளிக் குதிப்பார். "ரெண்டும்னு சொன்னீங்க, நான் மூணா குடுத்துட்டேன்" என்பாள். வருடத்துக்கு ஐம்பது தடவை நடந்தாலும் இருவருக்கும் அது அலுக்கவில்லை.

*

டிரெய்லரை வாங்கியது அவளுடைய யோசனை. ஒரு பழைய இரும்புக் கடையின் பின்புறம் புல் முளைத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சே பேசவில்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். நிறுத்திய இடத்தில் மேல்பக்கம் துணிக்கூடாரமாக விரியும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஓரத்தில் ஒரு அடுப்பு. வீட்டில் அதற்குப் 'பெட்டி' என்று பெயர் வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கூடாரத்துணியை அவளே தைத்தாள். ஜன்னலுக்குக் கொசுவலை, தலைமாட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு சின்னப் பை. கடலைப் பார்க்க வேண்டும், பிறகு மலை, பிறகு சாலை எங்கே போகிறதோ அங்கே. இரண்டு பேருமாக ஒரு வருடம்.

பெட்டியின் ஒயரிங் அவர் பொறுப்பு. முக்கியமாகப் பின்விளக்குகள். பழைய பல்பு விளக்குகள் குலுங்குகிற சாலையில் மாதத்துக்கு ஒன்று பியூஸ் ஆகும். மழையில் பின்னால் வருகிறவனுக்கு அகல் விளக்கு மாதிரிதான் தெரியும். எல்.இ.டி. போட்டுவிட்டால் குலுக்கலும் தாங்கும், தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரியும். அவளே போய் ஒரு ஜோடி வாங்கி வந்து சமையலறை ஜன்னல் மேடையில் வைத்தாள், கண்ணில் படட்டும் என்று. அவர் "நாளைக்கு" என்றார். அட்டைப்பெட்டியின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தது. அவள் துடைத்து வைத்தாள். மறுபடி படிந்தது. அப்படி இரண்டு வருடம் போனது.

முதலில் ஒர்க்‌ஷாப் கூரை ஒழுகியது. அப்புறம் அவருடைய முட்டி. அப்புறம் ஒரு ஸ்கூல் பஸ் கம்பெனியின் வேலை, விட முடியாது. காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. இந்தத் தெருவில் அவர் 'அண்ணன்'. நாலு பேர் அவரைத் தேடி வருகிறார்கள், காத்திருக்கிறார்கள், கெஞ்சுகிறார்கள். வேறு ஊரில் ஒரு மரத்தடியில் பெட்டியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் யார்? வழி கேட்கிற ஒரு கிழவர். அதை நினைத்தாலே அவருக்குக் கை கால் ஓடாது.

ஒருநாள் அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "நீங்க வரலன்னா நான் மட்டும் போயிட்டு வரேன்."

"போயேன்," என்றார் அவர். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தார்.

மறுவாரமே ரயில்வே மைதானத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்துப் பழக ஆரம்பித்தாள். அதன் பிறகு பெட்டியின் சட்டம் முழுக்க நீலப் பெயிண்ட் அடித்தாள், இரண்டு கோட். காலண்டரில் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டாள். அவர் அந்த வட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து பேசுவதை நிறுத்திவிட்டார். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. பதினைந்து நாள் அந்த வீட்டில் டிவிதான் பேசியது.

திங்கட்கிழமை மாலை அவள் ஜன்னல் மேடையிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை எடுத்து வந்து, அவர் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.  அவர் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

வேலையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். பழைய விளக்குகளைக் கழற்றினார். பச்சை பூத்திருந்த ஒயர் நுனிகளை வெட்டி எறிந்தார். எல்.இ.டி.க்குக் கரண்ட் துளிதான் வேண்டும். அதனால் பல்பு பியூஸ் ஆகிவிட்டது என்று கார் நினைத்துக்கொண்டு இண்டிகேட்டரைத் தாறுமாறான வேகத்தில் அடிக்கும். அதை ஏமாற்ற இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரெசிஸ்டர் போட வேண்டும். போட்டார். சூடாகும் என்பதால் துணிப்பக்கம் வைக்காமல் இரும்போடு சேர்த்து இறுக்கினார். கடைசியில் எர்த். சின்னக் கத்தியைக் கையில் எடுத்தார்.

நீலப் பெயிண்ட் இன்னும் லேசாக வாசனை அடித்தது. ஓரத்தில் அவளுடைய பிரஷ் விட்டுப்போன ஒரு முடிகூட ஒட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து நாள் பேசாமல் இருந்துவிட்டு, அவள் ஆசையாக அடித்த பெயிண்டில் கத்தியை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஸ்க்ரூவின் மரையே பெயிண்டை அறுத்துக்கொண்டு இரும்பைப் பிடித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாராவது வேலையாள் அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார். ஸ்க்ரூவை முடுக்கினார்.

சோதிக்கும் நேரம் வந்தது. அவள் சமையலறையில் இருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டது. இருபது அடி தூரம். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பாள்; அவர் குரலுக்காகத்தான் அங்கேயே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள் என்றுகூடப் பிற்பாடு அவருக்குத் தோன்றியது. அவர் கூப்பிடவில்லை. உடைந்த துடைப்பக் கட்டையை எடுத்து, பிரேக்குக்கும் சீட்டுக்கும் நடுவே முட்டுக்கொடுத்தார். பின்னால் வந்து பார்த்தார், எரிந்தது. கட்டையை எடுத்துவிட்டு இடது போட்டார், வந்து பார்த்தார். வலது போட்டார், வந்து பார்த்தார். எல்லாம் பளிச்சென்று எரிந்தன. பழைய பல்பாக இருந்திருந்தால் அந்தச் சொத்தை எர்த்துக்கு அப்போதே அழுது வடிந்திருக்கும். எல்.இ.டி. கொஞ்சம் கிடைத்தாலும் சிரித்துக்கொண்டு எரிகிற ஜாதி.

'ரெண்டும்' பார்க்கவில்லை. வேண்டுமென்று விடவில்லை. அது கையால் செய்கிற சோதனையாக அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை. ஒருத்தியிடம் சொல்கிற வார்த்தையாகத்தான் இருந்தது. சொல்ல ஆள் இல்லாத அன்றைக்கு, அந்தச் சோதனையும் நினைவுக்கு வரவில்லை.

*

கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனவர், கத்தியையும் கிரீஸ் டப்பாவையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவாள் என்பது அவர் கணக்கு. நெடுஞ்சாலையில் ஏறும் முன்னால் பெட்ரோல் பங்க் வரும். அங்கே முழுக்கக் கண்ணாடிச் சுவர். விளக்குகளை அதில் பார்த்துக்கொள்வது அவள் வழக்கம். பார்த்துவிட்டால் வேறு எவனிடமும் போகமாட்டாள். அவர் ஒயரிங்கில் இன்னொருத்தன் கை வைக்க அவள் விட்டதே கிடையாது. வருவாள். வாசலில் ஹார்ன் அடிப்பாள். பேச்சு அங்கே ஆரம்பிக்கும். அவள் கொஞ்சம் திட்டுவாள், அவர் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுப்பார். இத்தனை தூரம் வந்ததுதான் வந்தாய், ஒரு வாரம் பொறுத்துக்கொள், நானும் வருகிறேன் என்று அப்போது சொல்லிவிடலாம்.

பதினோரு மணிவரை வரவில்லை. போனை எடுத்து 'பிரேக் லைட்' என்று இரண்டு வார்த்தை அடித்தார். அனுப்பினால் என்ன ஆகும்? வழியில் ஏதாவது ஒரு கடையில் நிறுத்தி, பத்து நிமிடத்தில் சரிபண்ணிக்கொண்டு போய்விடுவாள். திரும்பி வரவே மாட்டாள். இரண்டு வார்த்தையையும் அழித்தார். புதன்கிழமை இன்னொரு தடவை அடித்து அழித்தார். அன்றைக்கு டீக்கடையில் டாக்ஸிக்காரர் ஹார்ன், "என்ன அண்ணே, அண்ணி போயிட்டாங்களாமே, இனிமே யாரு உங்களுக்கு பிரேக் மிதிக்கிறது?" என்று கேட்டதற்கு, "நாளைக்கு வந்துடுவா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வியாழக்கிழமை மதியம் அவள் தங்கை போன் செய்தாள். மலைப்பாதை இறக்கம், தூறல். பெட்டியை ஓரமாக நிறுத்த இடதுபக்க இண்டிகேட்டர் போட்டு பிரேக் பிடித்திருக்கிறாள். பின்னால் வந்த ரொட்டி வேன் அப்படியே வந்து மோதிவிட்டது. இண்டிகேட்டர் தெரிந்தது, வண்டி நின்றது தெரியவில்லை என்று வேன்காரர் அழுதுகொண்டே சொன்னாராம். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள்.

அவர் மேஜையைப் பார்த்தார். கத்தி அங்கேயே இருந்தது.

வருகிறேன் என்றார். தங்கை தயங்கிவிட்டு, தான் கூட இருப்பதாகவும், இப்போதைக்கு வர வேண்டாம் என்று அக்கா சொல்வதாகவும் சொன்னாள். சனிக்கிழமை அவளே பேசினாள். குரல் ஒரு மாதிரி இழுத்தது. மருந்தாக இருக்கும் என்று நினைத்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். வலிக்குதா என்று கேட்டார்.  பிறகு சொன்னாள்.

"நான்தான் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி ஒரு கல்லுல இடிச்சேன். அதுல ஒயர் ஏதாவது விட்டுப்போயிருக்கும்போல. உங்க வேலையில தப்பு இருக்காது, இல்லீங்களா?"

லைனில் இரைச்சல். யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம். அவள் காத்திருந்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவள் வாயாலேயே வந்த கல் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டார்.

"இருக்கலாம்" என்றார்.

"சரி," என்றாள் அவள். "வைக்கிறேன்."

*

கை சேர்ந்தது, ஆனால் பழையபடி சேரவில்லை. கெட்டித் துணி வெட்டும் அந்தக் கத்தரிக்கோலை அதன் பிறகு அவளால் பிடிக்க முடியவில்லை. மலையடிவாரத்தில் பெட்டிகளும் கூடாரங்களும் நிறுத்துகிற ஒரு மைதானம் இருந்தது. அங்கே ஆபீசில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இடம் எழுதிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. கை சரியாகும்வரை என்று ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. நசுங்கின பெட்டியைத் தட்டி நிமிர்த்தி அதிலேயே தங்கினாளாம். பிரிந்துவிட்டோம் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை போனில் பேசினார்கள். கரண்ட் பில் எங்கே கட்டுவது, அலமாரிச் சாவி எது, மாடியில் தண்ணீர் வருகிறதா. ஒருதடவை அவர், அங்கே வரட்டுமா என்று கேட்டார். "எதுக்கு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே காரணம் கேட்பதுபோல் கேட்டாள். அவரிடம் ஒரு காரணம் இருந்தது, அதைத்தான் சொல்ல முடியாது. ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றார்.

ஒர்க்‌ஷாப்பின் முன்பாதி அப்படியே இருந்தது. மிஷின்மேல் அவளே தைத்த உறையைப் போட்டு மூடினார். வேறு யாருக்காவது விடச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

மாறியது அவர்தான். எந்த வண்டி வந்தாலும் "இப்பவே பார்த்துடலாம்" என்றார். டாக்ஸிக்காரர்களுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. ஹார்ன், அண்ணனுக்கு உடம்பு சரியில்லையோ என்று நிஜமாகவே கவலைப்பட்டார். தனியாக எந்த விளக்கையும் சோதிக்க மாட்டார். தெருவில் போகிற யாரையாவது நிறுத்தி, ஒரு நிமிஷம் வண்டியில் ஏறி உட்காருங்கள் என்பார். காய்கறிப் பையோடு போன டீச்சர், தபால்காரர், எதிர்வீட்டுக்காரர், எல்லோரும் அவருக்காக பிரேக் மிதித்திருக்கிறார்கள். உடைந்த துடைப்பக் கட்டையை மட்டும் தூக்கி எறியவில்லை. அது மூலையிலேயே சாய்ந்து நின்றது. அதைத் தாண்டிப் போகும்போது அவர் கண் வேறு பக்கம் பார்க்கும்.

நாலாவது வருடம் ஒரு முற்பகல், கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன ஒரு ஜோடி ஒரு கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தது. பின்விளக்கை எல்.இ.டி.யாக மாற்ற வேண்டும். அவர் அந்தப் புதுப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இப்பவே பார்த்துடலாம் என்ற வார்த்தை வர நேரமானது. மூன்று மணி நேரம் ஆயிற்று. எர்த்துக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சுரண்டினார். அந்தப் பையன், பெயிண்ட் போகுதே என்று முகத்தைச் சுளித்தும் நிறுத்தவில்லை. பிறகு அந்தப் பெண்ணை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார்.

"பிரேக்."

"போட்டாச்சு."

"இடது."

"உங்க இடதா, என் இடதா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே இடதுதாம்மா. போடு."

"அவருக்கு வேறங்க. மேப் பார்த்து வழி சொல்லும்போது பாருங்க." அந்தப் பையன் ஏதோ முணுமுணுத்தான். அவள் சிரித்தாள். வலதும் சரியாக இருந்தது.

"ரெண்டும்," என்றார் அண்ணன்.

"எதுக்குங்க ரெண்டும்? அதான் தனித்தனியா பார்த்தாச்சே."

"தனித்தனியா எல்லாம் நல்லாத்தான் எரியும்மா. சேர்த்துப் போட்டாத்தான் தெரியும்."

இரண்டும் எரிந்தன. சிவப்பு அசையாமல் நின்றது, மஞ்சள் அதன் பக்கத்தில் சீராக அடித்தது. அந்தப் பெண் என்ன தோன்றியதோ, சும்மா ஒரு குஷிக்கு ஹார்னையும் ஒரு அழுத்து அழுத்தினாள். பின்னால் நின்றவரிடமிருந்து பதில் வராததால் இறங்கி வந்து பார்த்தபோது, பெரியவர் டிரெய்லரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். முட்டி பிடித்துக்கொண்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார்.

அவர்கள் போன பிறகு, மூடிக் கிடந்த தையல் மிஷினுக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்தார். பாதி எழுத்து தப்பாக விழுந்தது, ஒவ்வொன்றாகத் திருத்தினார். பெயிண்டைச் சுரண்டவில்லை என்று எழுதினார். கட்டை வைத்துப் பார்த்ததை எழுதினார். தெருக்கோடியில் விளக்கு மங்கியதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்தினேன், நீ திரும்பி வருவாய் என்று நினைத்தேன், கல் இல்லை என்று தெரிந்தும் இருக்கலாம் என்று சொன்னேன் என்று எழுதினார். மன்னிப்பு என்ற வார்த்தையை அடித்துவிட்டு, அதைக் கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றி அழித்தார். மற்றதையெல்லாம் அனுப்பினார்.

அவள் படித்துவிட்டாள் என்பதற்கான அடையாளம் அன்று மாலையே போனில் விழுந்தது. பதில் வரவில்லை. அந்த மாதப் பேச்சு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை; இனிமேல் பேச வேண்டியது அவள்தான், அந்த உரிமையையாவது அவளிடம் விட்டுவைப்போம் என்று இருந்தார். கரண்ட் பில்லைத் தானே போய்க் கட்டினார். ஒரு மழைக்காலம் வந்து போனது.

பதினோரு மாதம் கழித்து, ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, படுத்த வாக்கிலேயே எடுத்துப் பார்த்தார்.

'உங்க மெசேஜைப் படிச்சேன். நிறைய தடவை படிச்சேன். பதில் போட கை வரல. அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து கல்லுல இடிச்சேன்னு சொன்னது பொய். அதுக்கு முந்தின நாளே இங்க இருக்கிற மெக்கானிக் ஸ்க்ரூவைக் கழட்டி என் தங்கச்சிக்கு போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு. அடியில பெயிண்ட் நீலமா அப்படியே இருந்துச்சு. நீங்க மறந்துபோய் அப்படிச் செய்யற ஆள் இல்ல. அதனால வேணும்னே செஞ்சிருக்கீங்கன்னு நினைச்சேன். இல்லன்னு உங்க வாயால ஒரு வார்த்தை வரட்டும்னுதான் கல்லுன்னு சொல்லிப் பார்த்தேன். நீங்க இருக்கலாம்னீங்க. இத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டுத்தான் இங்க இருந்தேன். இப்ப நீங்க சொல்றது வேற. பார்த்துட்டு சும்மா நின்னேன்னு சொல்றீங்க. நான் நினைச்சதைவிட இது பரவாயில்லையா மோசமான்னு எனக்கு இன்னும் சொல்லத் தெரியல. அன்னிக்கே சொல்லியிருந்தா நல்லா திட்டியிருப்பேன். திட்டிட்டு வாங்கன்னும் சொல்லியிருப்பேன். இப்ப திட்டவும் வரல. பெட்டியை நேத்து இங்க வேலை செய்யற பொண்ணுக்குக் குடுத்துட்டேன், அவ ஊர் சுத்தப் போறாளாம். உங்க மூக்குக்கண்ணாடி பையை மட்டும் பிரிச்சு எடுத்து வெச்சிருக்கேன், தபால்ல வரும். குடுக்கறதுக்கு முந்தி விளக்கெல்லாம் பார்த்தேன். மிதிக்க ஆள் இல்ல, கட்டைதான் வெச்சேன். ரெண்டும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். எரியுது.'